ஒன்பதாம் வீட்டின் முதல் குடம்

உ
முருகன் துணை

ஒன்பதாம் வீடு,
பதினாலு வீட்டுத் தெரு,
சித்தூர் தாலுகா, பாலக்காடு ஜில்லா.
8-2-1976, ஞாயிறு

அன்புத் தம்பி ரத்தினசாமிக்கு அண்ணன் மாரப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே ஆத்தாள், உன் அண்ணி கமலாத்தாள், மகள் செல்லாத்தாள், நான் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். சக்குபள்ளத்துக் குளிரில் நீயும் சின்னத்தாயும் எப்படி இருக்கிறீர்கள்? ஏலக்காய் ஸ்டோரில் உனக்கு இந்த வருஷமாவது மேஸ்திரி வேலை தருவார்களா என்று ஆத்தாள் தினமும் கேட்கிறாள். என்னமோ எஸ்டேட் முதலாளி என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வது போல நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் எஸ்டேட் கணக்குப்பிள்ளை சங்கையா, வேலை ஓய்ந்த பிறகு எங்கள் தெருவில் விலைக்கு வந்திருக்கும் பதினாலாம் வீட்டை வாங்கலாமா என்று விசாரித்ததாக எழுதியிருந்தாய். பழைய காலத்துத் தெரு, சின்ன இடம், கோயில் பக்கத்தில் இருக்கிறது, அமைதியாக இருக்கும் என்று யாரோ அவருக்குச் சொன்னார்களாம். நல்ல மனிதர் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். நான் இங்கே வீடு வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டு.

இந்தப் பக்கம் ஏழு வீடு, அந்தப் பக்கம் ஏழு வீடு. ஒரு வரிசைக்கு ஒரே கூரை. என் வீட்டு உத்திரம் என் வீட்டில் முடியாது, அடுத்த வீட்டுக்குள் போய்த்தான் முடியும். நான் ஓடு மாற்ற ஏணி வைத்தால் பத்தாம் வீட்டில் மண் உதிர்கிறதென்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் பாதி எனக்குச் சொந்தம் என்று ஆதாரப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது, எந்தப் பாதி என்று எழுதவில்லை. பத்தாம் வீட்டு மயிலாத்தாள் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் நம் சொம்பு அதிரும். நாம் இரவில் என்ன பேசினோம் என்பதைக் காலையில் கோயில் வாசலில் அவள் வாயால் கேட்டுக்கொள்ளலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, வாசலில் மிளகாய் காயப்போடக் கூடாது. இதெல்லாம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு இன்னும் என் பெயர் வரவில்லை. எனக்கு விற்றுவிட்டுப் பம்பாய்க்குப் போன ஈஸ்வரமூர்த்தியின் பெயர்தான். பால்காரன் முதல் கோயில் பூசாரி வரைக்கும் “ஈஸ்வரமூர்த்தி ஊடு” என்றுதான் சொல்கிறார்கள். நான் அதில் வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி.

வாங்கும்போது நான் பார்க்காதது என்ன? கிணற்றுக்குள் ஆளை இறக்கி ஊற்றுக்கண் பார்த்தேன். வக்கீலிடம் கொடுத்து ஆதாரத்தை மூன்று தடவை படிக்கவைத்தேன். வில்லேஜ் ஆபீசில் வரி ரசீது பார்த்தேன். மாரியம்மன் கம்பத்துக்கு முதல் குடம் எந்த வீட்டிலிருந்து போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்? தோட்டம் வாங்கினால் கிணறும் தென்னையும் வேலியும் கூடவே வரும். இங்கே வீடு வாங்கினால் வீடு மட்டும்தான் வரும்.

சங்கையா தெற்கத்திக்காரர், நம் பக்கத்து நோன்பு அவருக்குத் தெரிந்திருக்காது. பங்குனியில் பூச்சாட்டி நோன்பைத் தொடங்கி, அம்மன் முன்னால் மூன்று கிளை உள்ள மரத்தைப் பட்டை உரித்துக் கம்பமாக நடுவார்கள். பதினைந்து நாள் விடிகிற நேரத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். முதல் குடம் ஒன்பதாம் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒன்பதாம் வீட்டுக்காரன் தோளில் போவதுதான் தலைமுறை வழக்கம். ஈஸ்வரமூர்த்தி போனதும் குடத்தைப் பத்தாம் வீட்டுக்காரனிடம், அதுதான் மயிலாத்தாள் புருஷனிடம், கொடுத்துவிட்டார்கள். அவன் மூன்று வருஷமாக என் கிணற்றில் தண்ணீர் சேந்தி, என் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறான். இது என்ன நியாயம் என்று தெருவின் பெரியதனக்காரர் சென்னியப்பனிடம் போய்க் கேட்டேன். “ஊட்டைத்தானுங்க வாங்குனீங்க, கொடத்தை வாங்கலீங்களே” என்று வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தனக்குரிய குடத்தை இழந்த வீடு பதினாலில் சேர்த்தி இல்லை. நோன்பின் கடைசி நாள் அம்மன் சப்பரம் வரும்போது எட்டாம் வீட்டில் நிற்கும், நம் வாசலைத் தாண்டும், பத்தாம் வீட்டில் நிற்கும். உன் அண்ணி மூன்று வருஷமும் தேங்காய்த் தட்டோடு வாசலில் நின்று, மூன்று வருஷமும் தட்டை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்தாள். தை மாதம் செல்லாத்தாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சப்பரம் இந்த வாசலில் நிற்குதுங்களா என்று கேட்டார்கள். நிற்காது என்றதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், இன்றுவரை பேச்சில்லை.

இந்தத் தெருவை ஒரு பொருட்டாக மதிக்காத ஒரே ஆள் ஆத்தாள். தோட்டத்தில் நாலு வரப்புக்கு அப்பால் கேட்கிற மாதிரி பேசிய குரல் அல்லவா, இங்கேயும் அப்படியே பேசுகிறாள். சத்தம் பொறுக்காமல் மயிலாத்தாள் சுவரில் தட்டினால் ஆத்தாள் உலக்கையால் திருப்பித் தட்டுகிறாள். தன் பெயரில் இருந்த தோட்டத்தைக் கைநாட்டு வைத்து விற்றுக் கொடுத்து இந்த வீட்டை வாங்கவைத்தவள் அவள். கிணற்றடி அறையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். “இந்த ரூமுலதான்டா நான் கண்ணை மூடுவேன், அதுக்குள்ள எவனும் என்னை அசைக்க முடியாது” என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறாள். சங்கையாவுக்கு இத்தனையும் சம்மதம் என்றால் வரட்டும்.

சின்னத்தாய்க்கு என் விசாரிப்பைச் சொல்லவும். ஆத்தாளும் உங்கள் இருவரையும் கேட்டாள் என்றே வைத்துக்கொள். உங்கள் இருவருக்கும் நல்ல காலம் பிறக்க அம்மனை வேண்டுகிறேன்.

உன் அண்ணன்,
மாரப்பன்

*

முருகன் துணை

பதினாலு வீட்டுத் தெரு,
7-3-1976, ஞாயிறு

அன்புத் தம்பி ரத்தினசாமிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் பெரியமுத்து. நம் தோட்டத்தில் இருந்த ஆள்தான், உனக்குத் தெரியும். அவனோடு ஆத்தாளும் வருகிறாள். வாசலில் நிற்க வைத்துக்கொண்டே படிக்காதே. முதலில் உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வை, பிறகு மீதியைப் படி.

போன மாதம் இருபத்துநாலாம் தேதி காலை ஆத்தாள் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். இடது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது. டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதிக்கொடுத்தார். உனக்கு உடனே எழுதவில்லை என்று கோபிக்காதே. எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய், வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. மயிலாத்தாள் புருஷன் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான். அவனுக்கு மகன் இல்லை. பதினைந்து நாளும் ஒரே தோளில்தான் குடம் போகவேண்டும் என்பது கட்டு. தெருக்கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, சென்னியப்பன் நம் வீட்டுக்கு வந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்து மோர் குடித்தார். இந்த வருஷம் குடம் எனக்கு. பதினைந்து நாளும் தடையில்லாமல் ஊற்றி முடித்தால் இனி எந்தக் காலத்துக்கும் ஒன்பதாம் வீட்டுக்கே. நடுவில் தடைப்பட்டால் இனி எந்தக் காலத்துக்கும் பத்தாம் வீட்டுக்கு. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை தம்பி, சந்தோஷத்தில்தான்.

மூன்றாம் நாள் ஆத்தாள் விழுந்தாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அந்தக் கதையாக ஆயிற்று. நோன்பு நடுவில் பெற்றவளுக்கு ஏதாவது ஆனால் மகனுக்குத் தீட்டு. தீட்டுக்காரன் குடத்தைத் தொட முடியாது.

ஆத்தாளைப் பார்த்துக்கொள்ள கத்தரீனாள் என்ற நர்ஸம்மாவை வரவழைத்திருந்தேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பத்து நாளோ இருபது நாளோதாங்க. இந்த ரூமிலேயே விட்டுடுங்க. அசைக்காதீங்க, பஸ்ஸில ஏத்தினா தாங்காது” என்றாள். அவள் நர்ஸ்தானே, டாக்டர் இல்லையே.

ஆத்தாள் முனகுவதெல்லாம் சுவர் வழியாகப் பத்தாம் வீட்டுக்குப் போயிருக்கிறது. மயிலாத்தாள் விடுவாளா, உடனே சென்னியப்பன் காதில் போட்டுவிட்டாள். அவர் வந்து ஆத்தாளை எட்டிப் பார்த்தார். வெளியே வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டு, “ஏனுங்க மாரப்பா, காதுல உழுகாத சாவுக்குத் தீட்டு இல்லீங்க. கேட்ட நாள்லருந்துதானுங்க கணக்கு. உங்க தம்பி மலையில இருக்காரில்லீங்க? மலைக்காத்து உடம்புக்கு நல்லதுங்களே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மலைக்காற்று நல்லது என்று எனக்கும் ஏற்கெனவே தோன்றியிருந்தது.

ஆத்தாளிடம் பழனிக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. பொள்ளாச்சி வரைக்கும் கார், அங்கிருந்து தேனிக்குப் போகிற பஸ் பழனி வழியாகத்தான் போகிறது. தேனியிலிருந்து கம்பம்மெட்டு, அங்கே பெரியமுத்து ஜீப் பிடிப்பான். பழனி என்றதும் ஆத்தாள் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினாள், ஒரு கைதான் வந்தது. கமலாத்தாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எதற்கெடுத்தாலும் உள்ளே போய்விடுவது அவளுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

மாத்திரைகள் துணிப்பையில் இருக்கின்றன. வெள்ளை மூன்று வேளை, மஞ்சள் படுக்கும்போது. கஞ்சி கரைத்துக் கொடுக்கவேண்டும். நீ கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஆறு வருஷமாகச் சின்னத்தாய் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்றவள்தான். இப்போது ஆள் அடையாளம் சரியாகத் தெரியவில்லை, ஆகையால் குடிப்பாள். சின்னத்தாய் பழையதை மனதில் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். எஸ்டேட் லயத்து அறையில் குளிர் அதிகம் என்றால் சாக்கை விரித்து அதன்மேல் பாய் போடு.

இனி முக்கியமானது. 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு. 31ஆம் தேதி புதன்கிழமை கடைசிக் குடம், அன்றே சப்பரம். இந்தப் பதினாறு நாளும் எனக்கு ஒன்றும் வரக்கூடாது. கடுதாசி வேண்டாம், தந்தி வேண்டாம், ஆள் வேண்டாம். நல்ல செய்தியும் வேண்டாம். நல்ல செய்தி ஒரு நாள் வந்து அடுத்த நாள் வராமல் போனால் மனம் ஒன்று நினைக்கும், அதுவே கேட்டதற்குச் சமம். தந்தைக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். தாய்க்குச் செய்ய இளையவன் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

சங்கையாவிடம் பதினாலாம் வீடு விலைக்கு இல்லை என்று சொல்லிவிடு. தெருவில் கலந்து பேசினோம். வெளியாள் வந்தால் வழக்கம் கெட்டுவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம்.

பெரியமுத்துவை ஒரு நாளுக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ளாதே. ஆத்தாளை உன்னிடம் ஒப்படைக்கிறேன். அவள் ஆசீர்வாதம் இனி முழுக்க உனக்கே கிடைக்கட்டும்.

உன் அண்ணன்,
மாரப்பன்

*

முருகன் துணை

28-3-1976, ஞாயிறு பகல்

தம்பி ரத்தினசாமிக்கு,

இதைப் பெரியமுத்துவிடம் கொடுத்து அவனைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். தேனிப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து, நீ இறங்கினால் கொடுப்பான். நீ வரவில்லை என்றால் புதன்கிழமை திரும்பிக் கொண்டுவந்துவிடுவான். நீ வரமாட்டாய் என்று நினைக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நான் சொன்னதைக் கேட்டு நடந்தவனா நீ எந்த நாளிலாவது?

சாட்டுக்கு முதல் நாள் உன் கடிதம் கிடைத்தது. ஆத்தாளுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். தினமும் காலையில் கண் விழித்ததும் “பழனி வந்துருச்சா” என்று கேட்கிறாள், எஸ்டேட் மணி அடிக்கும்போது சின்னத்தாய் அதுதான் கோயில் மணி என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கும்பிட வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நான் இங்கே ஒரு தடவை சொன்ன பொய்யை அந்தப் பெண் அங்கே தினமும் சொல்லவேண்டியிருக்கிறது. காய்ச்சல் விடவில்லை, குளிர் தாங்கவில்லை, அண்ணா வந்து கூட்டிப் போ என்று கடைசியில் கோடு போட்டு எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கல் நெஞ்சுக்காரன் என்று நீ சொல்லலாம். சொல், கேட்டுக்கொள்கிறேன், வியாழக்கிழமைக்குப் பிறகு.

குடம் நன்றாகப் போகிறது. முதல் நாள் ஈரத் துணியோடு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கியபோது தெருவே எழுந்து நின்றது. பதிமூன்று வீட்டுக்காரர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள். மயிலாத்தாள் புருஷன் தோள்கட்டோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் ஏன் மறைக்கவேண்டும்? மறுநாள் பால்காரன் “மாரப்பன் ஊட்டுக்கு எத்தனை படிங்க” என்று கேட்டான். மூன்று வருஷமாகக் காதில் விழாத பேச்சு அது.

நேற்று பதினோராம் குடம். ஊற்றிவிட்டு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது தபால்காரர் சைக்கிள் மணி கேட்டது. தெரு முனையிலிருந்தே “தந்தி” என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பதினாலு வாசலிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். தந்தி என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார், கையெழுத்துப் போடப் பென்சிலும் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும் என்று அவர் தலை குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. தெரிந்தது என்று எழுதக்கூடாது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் கையை நீட்டவில்லை. இது ஈஸ்வரமூர்த்தி வீடு என்றேன். அவர், “மாரப்பன்னுதாங்க போட்டிருக்கு, உங்க பேருதானுங்களே” என்றார். மாரப்பன் ஊரில் இல்லை என்றேன். மூன்று வருஷமாக எனக்குத் தபால் கொண்டுவந்து கொடுக்கிற மனிதரிடம், அவர் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். அவர் திகைத்துப் போய்ச் சுற்றிலும் பார்த்தார். எதிர் வாசலிலிருந்து சென்னியப்பன், “ஆமாங்க, ஆளு ஊருல இல்லீங்க” என்றார். ஏழாம் வீட்டுக்காரர் ஆமாம் என்றார். பிறகு எல்லோரும் ஆமாம் என்றார்கள். இந்தத் தெரு எனக்காக ஒன்றுகூடிப் பேசியது அதுதான் முதல் தடவை. தபால்காரர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறிப் போகவில்லை, தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டேதான் போனார்.

பிறகு சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து, “இப்பத்தானுங்க நீங்க எங்க தெருக்காரரு ஆனீங்க” என்றார். ஈஸ்வரமூர்த்தியின் அப்பா காலத்திலும் இப்படி ஒன்று வந்ததாம், அவரும் குடத்தைக் கீழே வைக்கவில்லையாம். வந்தது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

மயிலாத்தாள் மட்டும் சும்மா இருக்கவில்லை. தானாக எதையும் சொன்னால் நோன்பைக் கெடுத்த பழி தன்மேல் விழும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேள்வி கேட்கிறாள். நேற்று மட்டும் நாலு தடவை வாசலில் வந்து, “ஏனுங்க்கா, உங்க அத்தை எப்படி இருக்காங்க, சேதி கீது வந்துச்சுங்களா” என்று உன் அண்ணியைக் கேட்டாள். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், அதைச் சாட்சியாக வைத்துக் குடத்தைக் கொண்டுபோய்விடலாம். வீட்டுக்குள்ளும் அழ முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கமலாத்தாள் நேற்று மதியத்திலிருந்து கிணற்றடியிலேயே இருக்கிறாள். ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தத்தில்தான் அவளால் வாய்விட்டு அழமுடிகிறது. அதற்காக வேண்டாத தண்ணீரையெல்லாம் சேந்திச் சேந்திக் கொட்டுகிறாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. தலையில் பூ வைத்துக்கொள் என்று நான்தான் காலையில் கட்டாயப்படுத்தி வைக்கச் சொன்னேன். வைத்துக்கொண்டாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. செல்லாத்தாள் எனக்குச் சாப்பாடு போட வருவதில்லை.

தம்பி, எனக்கும் அவள் ஆத்தாள்தான். கிணற்றடி அறையைத் தாண்டித்தான் தினமும் குடத்தை எடுத்துவரவேண்டியிருக்கிறது. கட்டில் காலியாக இருக்கிறது. இன்று காலை குடத்தோடு அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அப்போது பத்தாம் வீட்டுப் பக்கத்திலிருந்து சுவரில் ஒரு தட்டல் கேட்டது, நான் நிற்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உடனே கிளம்பிவிட்டேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று எழுதக் கை வருகிறது. எழுதினால் எதற்காக எழுதினேன் என்ற கேள்வி வரும். இன்னும் மூன்று குடம் பாக்கி இருக்கிறது.

நீ பொள்ளாச்சியில் இறங்கியிருந்தால் அங்கேயே ஒரு சத்திரத்தில் தங்கு. பெரியமுத்துவிடம் எதையும் சொல்லாதே. அவனுக்குப் படிக்கத் தெரியாது, என்றாலும் அவனிடம் எதையும் எழுதிக் கொடுத்தனுப்பாதே. தலையில் துண்டு கட்டியிருந்தால் அவன் எதிரில் அவிழ்க்காதே. அவன் பார்த்தால் இங்கே வந்து என் முகத்துக்கு நேராக நிற்கமாட்டான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலையில் வா. தெருவின் முனையிலிருந்தே நடந்து வா. என் வாசலில் நின்று, சொல்ல வந்ததை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல். அப்போது நான் விழுந்து அழுவேன், பதினாலு வீடும் வந்து அழும். அன்று இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையாது. நம் ஆத்தாளுக்காகப் பதினாலு வீட்டிலும் அடுப்பு அணையும், அந்த மரியாதை இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இதுவரை இருந்தது. என்னை அடிக்கவேண்டுமென்றாலும் அன்றைக்கு அடி, தெரு நடுவில் வைத்தே அடி. அதுவரைக்கும் பொறுத்துக்கொள். உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

நீ புறப்பட்டிருக்கமாட்டாய். ஆத்தாளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பளியை இழுத்துப் போர்த்திவிடு. மாத்திரையைப் பொடி செய்து கொடு. அண்ணன் எங்கே என்று கேட்டால் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல். நாக்கு வறண்டிருக்கும், தண்ணீர் கேட்பாள். வாயைத் திறந்து மெதுவாக ஊற்று. என் பங்குக்கும் ஒரு வாய் நீயே ஊற்றிவிடு.

உன் அண்ணன்,
மாரப்பன்